மூடி இறங்கவில்லையா? சுத்தியலைக் கீழே வையுங்கள்



சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா கிராணி வேலை பார்த்த காலத்தில் வாங்கிய மோரிஸ் மைனர் கார் இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. 1098 சி.சி. எஞ்சின். வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் நடக்கவேண்டும் என்பது பாட்டியின் உத்தரவு. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், தங்கச்சி கல்யாணத்துக்குக் காரைத் துடிப்பாக்கிக் காட்டுகிறேன் என்று, நுனியில் ரோலர் வைத்த புது ராக்கர் ஆர்ம் செட் ஒன்றை வாங்கிவந்து மாட்டிவிட்டான். மாட்டியதெல்லாம் மாட்டியாயிற்று. மேலே போடுகிற மூடிதான் இறங்கமாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் தூக்குகிறது.

"உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டி மூடியைக் கொஞ்சம் புடைக்க வைத்தால் போதும் என்கிறான் மகன். கார்க் கேஸ்கெட்டை இரண்டாகப் போட்டால் போதும் என்கிறார் பட்டறைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது, வாத்தியாரே?" என்பது அவருடைய கேள்வி.

பள்ளிக்கூட வாத்தியாரிடம் எஞ்சின் விவகாரம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்தில் பிட்டர் வேலை தெரிந்தவருக்குக் கைப்பழக்கம் உண்டு. ஆங்கிலக் கையேடு வாசிக்கப் பழக்கம் இருக்காது. அதை வாசித்துத் தமிழில் சொல்கிற வேலை எங்களைப் போன்றவர்களிடம் வந்து சேரும். வாசித்து வாசித்து எனக்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது. மைனர் காரின் கையேட்டில் இந்த விஷயத்தைப் பற்றி முக்கியமான ஒரு பத்தி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒன்று: மூடி முட்டியது இந்தக் குடும்பத்தின் நல்ல காலம் என்றே நான் நினைக்கிறேன். முட்டாமல் இறங்கியிருந்தால் பையன் அன்றைக்கே சாவியைத் திருகியிருப்பான்.

ராக்கர் ஆர்ம் என்பது என்ன? பள்ளித் திடலில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தண்டு. ஒரு முனையைக் கீழிருந்து புஷ்ராடு மேலே தள்ளும். மறுமுனை கீழே இறங்கி வால்வை அமுக்கித் திறக்கும். மைனர் எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு எட்டு வால்வு, எட்டு ராக்கர். இவை எல்லாம் ஒரே தண்டில் வரிசையாகக் கோத்திருக்கும். அந்தத் தண்டை நான்கு சிறு தூண்கள் தாங்கி நிற்கும்.

இந்தச் சீசாவில் தண்டு நட்டநடுவில் இல்லை. புஷ்ராடு பக்கம் கை குட்டை. வால்வு பக்கம் கை நீளம். அதனால் புஷ்ராடு 4 மில்லிமீட்டர் தள்ளினால் வால்வு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் திறக்கும். பையன் வாங்கிவந்தது "ஒன்றரை" என்று சொல்லி விற்கிற வகை. அதில் அதே 4 மில்லிமீட்டர் தள்ளலுக்கு வால்வு 6 மில்லிமீட்டர் திறக்கும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். கூடுதலாகத் திறந்தால் காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போகும், எஞ்சின் வேகம் பிடிக்கும் என்பதுதான் கணக்கு. கணக்கில் தப்பில்லை. நுனியில் ரோலர் இருப்பதால் வால்வின் தலையில் உரசல் குறையும் என்பதும் உண்மை.

ஆனால் இந்தச் சாமான் யாருக்காகப் பிறந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1948இல் முதன்முதல் வந்த மைனரில் ராக்கரே கிடையாது. வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. 1952இல்தான் ஆஸ்டின் கம்பெனியின் ஏ-சீரிஸ் எஞ்சின், 803 சி.சி. அளவில், மைனருக்குள் வந்தது. 1956இல் 948 ஆகி, 1962இல் 1098 ஆனது. 1959இல் வந்த மினி காருக்கும் இதே குடும்பத்து எஞ்சின்தான். மினி கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மோன்டி கார்லோ ராலியில் வென்றதும் உலகமே அந்தச் சின்ன எஞ்சினைத் திரும்பிப் பார்த்தது. நம் பக்கத்திலும் அப்போது பந்தய மோகத்துக்குக் குறைவில்லை. 1960களில் ஜொகூர் பாருவின் சாலைகளிலேயே ஜொகூர் கிராண்ட் பிரி நடந்தது. சிங்கப்பூரில் அப்பர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கார்கள் பறந்தன. அப்படிப் பறக்கிறவர்கள் வால்வை எவ்வளவு கூடுதலாகத் திறக்கலாம் என்று தேடியபோது வளர்ந்த சாமான்கள் இவை. பந்தயக்காரன் கேம், ஸ்பிரிங், கார்புரேட்டர், புகைக்குழாய் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவான். நம் கல்யாண வீட்டுக் காரில் இருப்பதோ ஒற்றை எஸ்.யு. கார்புரேட்டர். சிகாமட்டிலிருந்து கோயில் வாசல் வரை ஊர்ந்து போகிற ஊர்வலத்தில், கூடுதலாக வந்த சக்தியை மாப்பிள்ளைத் தோழன்கூடக் கண்டுபிடிக்கமாட்டான்.

சரி, வாங்கியாயிற்று. மூடி ஏன் இறங்கவில்லை?

பழைய ராக்கர் ஒல்லியாக இருக்கும். அதன் அளவுக்குத்தான் தகரத்தை அழுத்தி அந்த மூடியைச் செய்தார்கள். புது ராக்கர் பருத்த உடம்புக்காரன். அதன் மேலே நீட்டி நிற்கும் அட்ஜஸ்டர் திருகாணியும் அதன் பூட்டு நட்டும் பழையதைவிட உயரமாக இருக்கலாம். போதாததற்கு, ராக்கர் வால்வின் மேல் சரியான கோணத்தில் உட்காரவேண்டும் என்று தூண்களுக்கு அடியில் தகட்டுத் துண்டு வைத்து உயர்த்துவதும் உண்டு. உயர்த்திய ஒவ்வொரு மில்லிமீட்டரும் மேலே மூடிக்கு அருகே போய்விடும். மூடிக்கு உள்ளே, மூச்சுக் குழாய் இருக்கும் இடத்தில், ஒரு தடுப்புத் தகடு ஒட்டவைத்திருக்கும். பல நேரம் முட்டுவது மூடியில் அல்ல, அந்தத் தகட்டில்தான். தகட்டைப் பெயர்த்து எறிந்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். ராக்கர்கள் வாரி இறைக்கும் எண்ணெய் மூச்சுக் குழாய் வழியாகக் காற்று வடிகட்டிக்குப் போகாமல் தடுப்பது அந்தத் தகடு. அது போனால் எஞ்சின் எண்ணெயைக் குடித்துப் புகையாக விடும்.

மகன் சொல்லும் சுத்தியல் வைத்தியத்தைப் பார்ப்போம். தகரத்தை நடுவில் தட்டினால் ஓரம் சும்மா இருக்காது. அதுவும் சேர்ந்து கோணும். ஓரம் கோணினால் கேஸ்கெட் பிடிக்காது. பட்டறைக்காரர் சொல்லும் இரட்டைக் கார்க்கும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். கார்க்கின்மேல் கார்க் வழுக்கும். ஒழுகுகிறதே என்று மூடி நட்டை மேலும் மேலும் முறுக்கத் தோன்றும். அந்த இரண்டு நட்டுக்கும் கையேடு சொல்லும் முறுக்கு வெறும் 4 பவுண்டு-அடி. கை விரலால் திருகி, ஸ்பேனரால் லேசாக ஒரு பிடி பிடித்தால் அவ்வளவுதான். அதற்குமேல் முறுக்கினால் ஓரம் இன்னும் வளையும், இன்னும் ஒழுகும்.

ஒழுகினால் என்ன, பழைய கார் என்றால் ஒழுகத்தானே செய்யும் என்று சிலர் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், இந்த மூடிக்கு நேர் கீழே இருக்கின்றன. வழியும் எண்ணெய், நம்மவர் பேச்சில் மிஞ்ஞா ஈத்தாம், நேரே சூடேறிய புகைக்குழாயின்மேல் விழும். முதலில் புகையும் நாற்றமும் வரும். அதற்குப் பக்கத்திலேயே பெட்ரோல் நிறைந்த கார்புரேட்டர். காருக்குள்ளே பட்டுப்புடவை கட்டிய பெண்களும் குழந்தைகளும். பூமாலை சுற்றிய காரின் முன்மூடியிலிருந்து புகை கிளம்புவதை யாரும் பார்க்க வேண்டாம்.

ஆகவே என்ன செய்வது? எங்கே முட்டுகிறது, எவ்வளவு முட்டுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். அதற்கு வேண்டியது பாலர் வகுப்புப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் பிளாஸ்டிசின் களி. சில வெள்ளிதான் ஆகும். பேரப்பிள்ளையிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். எட்டு ராக்கருக்கும் மேலே மூடியின் உட்புறத்திலும், தடுப்புத் தகட்டிலும், பக்கவாட்டிலும் களியைப் பட்டையாக அப்புங்கள். ஒட்டாமல் இருக்க ராக்கர்களின்மேல் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, நான்கு பிளக்கையும் எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். கேஸ்கெட்டைப் போட்டு மூடியை அதன் இடத்தில் வைத்து, இப்போது முட்டுகிற மூடி என்பதால் அமுக்காமல், கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மைனருக்கு முன்னால் செருகிச் சுற்றும் கைப்பிடி உண்டு அல்லவா, அதனால் எஞ்சினை மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். இரண்டு சுற்றில் எட்டு வால்வும் ஒருமுறை திறந்து மூடிவிடும். ஒரு சுற்றோடு நிறுத்தினால் பாதி ராக்கர்தான் பரீட்சை எழுதியிருக்கும். கைப்பிடியைச் சுற்றும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்வது பழைய பழக்கம், அதை விடாதீர்கள்.

மூடியை எடுத்துப் பாருங்கள். களியில் ஒவ்வொரு ராக்கரும் தன் முகத்தைப் பதித்திருக்கும். எங்கே களி மெலிந்திருக்கிறதோ அங்கே கத்தியால் கீறிக் கனத்தை அளந்து பாருங்கள். 2 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. கார்க் புதிதாக இருக்கும்போது உப்பியிருக்கும். சூடு பட்டு, நட்டு அழுத்தி, நாளாக ஆகத் தாழ்ந்துபோகும். இன்றைக்கு மயிரிழை தப்பிய ராக்கர் ஒரு மாதம் கழித்துத் தகரத்தைச் சுரண்டத் தொடங்கும். சுரண்டிய தூள் போய்ச் சேருகிற இடம் எண்ணெய்த் தொட்டி. பார்த்து முடிந்ததும் களியை ஒரு துணுக்குக்கூட விடாமல் வழித்தெடுங்கள்.

இடம் போதவில்லை என்றால் நேர்மையான வழிகள் இரண்டு. ஒன்று, இந்த எஞ்சினுக்கென்றே உயரமாக வார்த்த அலுமினிய மூடி. மினி கார்ப் பிரியர்கள் உலகெங்கும் இருப்பதால் இப்படிப்பட்ட மூடிகள் இன்றும் விற்பனையில் உண்டு. மற்றொன்று, பழைய மூடிக்கும் தலைக்கும் நடுவே வைக்கும் ஒரே கனமான சட்டம். கடைசலில் சமமாக வெட்டியதாக இருக்கவேண்டும். அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு கேஸ்கெட், மூடியைப் பிடிக்கும் இரண்டு ஸ்டட்டும் அதற்கேற்ற நீளம். எனக்குக் கேட்டால் உயர மூடிதான் மேல். சட்டம் என்றால் ஒழுகுவதற்கு இரண்டு வாசல் ஆகிவிடுகிறது.

இப்போது நான் முதலில் சொன்ன கையேட்டுப் பத்திக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்தபோது என் மனம் மூடியில் நிற்கவில்லை, இதில்தான் நின்றது. ராக்கர் தண்டின் தூண்களைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, எஞ்சின் தலையையும் சேர்த்துப் பிடிக்கின்றன. அந்த நான்கை மட்டும் கழற்றினால் தலையின் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகி நிற்கும், தலை கோணக்கூடும். ஆகையால் ராக்கரைக் கழற்றும் முன் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு, தலையின் எல்லா நட்டுகளையும் முறைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும் என்று கையேடு சொல்கிறது. திரும்ப மாட்டும்போதும் அப்படியே, நடுவிலிருந்து வெளிப்புறமாக, சுற்றுச் சுற்றாக. 1098 எஞ்சினுக்குத் தலை நட்டு 40 பவுண்டு-அடி, ராக்கர் தூண் நட்டு 25 பவுண்டு-அடி. இதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும். கை மதிப்பு உதவாது. தம்பி தண்ணீரை இறக்கினானா, எல்லா நட்டையும் தளர்த்தினானா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அதைக் கோபப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஐயா. ஆசையோடு செய்த பிள்ளையைத் திட்டினால் செய்ததை மறைப்பான். மறைத்தால் காருக்குத்தான் கேடு.

தூண்கள் நான்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல என்பதையும் பாருங்கள். தலையிலிருந்து எண்ணெய் ஏறிவரும் துளை ஒரு தூணில்தான் உண்டு. அது இடம் மாறினால் எட்டு ராக்கரும் எண்ணெய் இல்லாமல் வறண்டு ஓடும். மூடிபோட்ட பிறகு வெளியே ஒன்றும் தெரியாது.

மூடி சரியாகிவிட்டாலும் கீழே இன்னும் மூன்று இடம் பார்க்கவேண்டியிருக்கிறது. வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக்கூடாது. நடுவே மெல்லிய பீலர் தகடு நுழைகிற இடமாவது வேண்டும். ஒன்றரை வகையில் புஷ்ராடு தண்டுக்கு அருகே நகர்ந்துவிடுவதால், தலையில் அது ஏறி இறங்கும் துளையின் ஓரத்தில் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். மூன்றாவது, கூடுதலாக இறங்கும் வால்வு பிஸ்டனிலோ சிலிண்டர் பிளாக்கிலோ இடிக்காமல் இருக்கவேண்டும். பெரிய வால்வு வைத்த தலையை யாராவது முன்பு மாட்டியிருந்தால் இது நிச்சயம் பார்க்கவேண்டிய விஷயம். இதைத் தலையைக் கழற்றாமல் உறுதிசெய்வது கடினம். வளைந்த வால்வுக்கு ஆகும் செலவில் இன்னொரு பந்தல் போடலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "பழையதையே மாட்டிவிடலாமா?" என்று அந்தத் தகப்பனார் நினைத்தால் அதில் எனக்கு முழுச் சம்மதம். கல்யாணம் முடியும்வரை பழைய ராக்கர், பழைய மூடி. புது செட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள், சாப்பாடு கேட்காது. தை கழிந்து மாசியில், தம்பிக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும்போது, உயர மூடியோடும் புதுத் தலைக் கேஸ்கெட்டோடும் பொறுமையாகச் செய்யட்டும். அவனுடைய ஆசையும் வீண் போகாது.

பழையதை மாட்டும் முன் அந்தத் தண்டைத் துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். ராக்கர் உட்கார்ந்த இடத்தில் அடிப்புறம் பள்ளம் தட்டினால் தண்டு தேய்ந்துவிட்டது. பல பழைய மைனரில் 'டக்டக்' சத்தத்துக்கும் சோர்வுக்கும் காரணம் இதுதான். புதுத் தண்டு ஒன்று போட்டாலே எஞ்சின் பாதி வயதைக் கழற்றிவைத்துவிடும். ராக்கர்களின் உள்ளே இருக்கும் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம். வார்த்து அடித்த ராக்கர் என்றால் புதுப் புஷ் அடிக்கலாம்; தகட்டை அழுத்திச் செய்த வகை என்றால் முடியாது, ராக்கரையே மாற்றவேண்டும். சாமான் கிடைக்குமோ என்ற கவலை வேண்டாம். 1960 கடைசியில் பத்து லட்சமாவது மைனர் வெளியே வந்தது. அத்தனை பெரிய குடும்பத்துக்குச் சாமான் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையில் மைனருக்கு உடம்புத் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

பிறகு வால்வு இடைவெளி. எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர். இது பழைய ராக்கருக்கு உரிய அளவு. புது செட் மாட்டும் காலத்தில் அதனோடு வந்த தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பார்க்கவேண்டும். எந்த வால்வை எப்போது வைப்பது என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணும், சரிசெய்யவேண்டிய வால்வின் எண்ணும் கூட்டினால் ஒன்பது வரும். எட்டாவது திறந்திருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. ஐந்தாவது திறந்திருக்கும்போது நான்காவதை. என் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒரு நொடியில் போட்டுவிடுவார்கள்.

கார் இல்லாத வீட்டுப் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கப்சாய் மோட்டார் சைக்கிளிலும் ராக்கர் உண்டு, இரண்டே இரண்டு. கடையில் பளபளவென்று ரோலர் ராக்கர் தொங்குவதைப் பார்த்து வாங்கும் முன், இதே களி வேலையும் ஸ்பிரிங் பார்வையும் அங்கேயும் வேண்டும். அங்கே இடம் இன்னும் குறைச்சல்.

தகப்பனாருக்குக் கடைசியாக: தலை நட்டுகளைத் தொட்டுவிட்டீர்கள் என்பதால், பழையதை மாட்டியபிறகு காரைச் சும்மா நிறுத்திவைக்காதீர்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்து, பகோ, மூவார் என்று ஒரு சுற்றுப் போய் வாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சினை ஆறவிட்டு, தலை நட்டுகளின் முறுக்கையும் வால்வு இடைவெளியையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மூடியின் ஓரத்தைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி துணியாகவே இருந்தால் பூ வாங்கப் போகலாம்.